ஜெர்பிலுக்கு வீடு கட்டுகிறவர்

“ஒத்தையா, ஜோடியா?”

போனை எடுத்ததும் ஏசுபாதம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பேர், அபார்ட்மெண்ட், எத்தனையாவது மாடி எல்லாம் அப்புறம். ஒற்றை என்று பதில் வந்தால் அவர் முகம் சுருங்கிவிடும். “ஒத்தையா வச்சா ஏங்கிப் பூடும் சார். கூடப் பொறந்தது ஒண்ணையும் வாங்கினு வாங்க, நான் வூடு கட்டித் தரேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார். வருகிற வியாபாரத்தை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு, கொஞ்சமும் வருத்தமில்லாமல் ரம்பத்தைக் கையில் எடுப்பார்.

படூரில் பெரிய சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் அவருடைய கடை. பெயர்ப்பலகையில் ‘அலுமினிய ஜன்னல், கொசுவலை, கண்ணாடி’ என்று மூன்று வேலைகள்தான் இருக்கின்றன. நாலாவதை எழுத அவருக்குக் கூச்சம். எழுதினால் பக்கத்து வெல்டிங் கடை மோகன் சும்மா விடுவாரா என்ன? இப்போதே டீ கிளாஸும் கையுமாக வந்து நின்று, “இன்னா அண்ணாத்த, இன்னிக்கு எலிக்கு டபுள் பெட்ரூமா?” என்று ஆரம்பித்துவிடுகிறார்.

“எலி இல்ல மோகனு, ஜெர்பிலு. வாலப் பாரு, கடசில குஞ்சம் வச்சிகீது. எலிக்கு ஏதுப்பா குஞ்சம்?”

அவர் சொல்வது சரிதான். ஜெர்பில் வறண்ட பிரதேசத்துப் பிராணி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஏதாவது சத்தம் கேட்டால் பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்கால்களை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, ரேஷன் கடை வரிசையில் முன்னால் என்ன தகராறு என்று எட்டிப் பார்க்கிறவரைப் போலப் பார்க்கும். அதை அப்படி நிற்கக் கண்டால் ஏசுபாதத்துக்கு வேலை ஓடாது.

மூன்று வருஷத்துக்கு முன்பு வசுமதி வீட்டில்தான் அவர் அதை முதலில் பார்த்தார். வசுமதி ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர்; ஐந்தாவது மாடியில் தனியாகக் குடியிருக்கிறார். ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கப் போன இடத்தில், பிளாஸ்டிக் கூண்டுக்குள் இரண்டு குட்டிகள். பேர் கடுகு, மிளகு. கூண்டின் ஒரு மூலையை விரல் நுழைகிற அளவுக்குக் கடித்து வைத்திருந்தன. “இதுக்கும் ஒரு துண்டு வலை வச்சு அடைச்சிடுங்கண்ணா” என்றார் வசுமதி. இவரும் நைலான் வலையை இழுத்துக் கட்டிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் போன். வலையைக் கத்தரித்து நாராக்கி, அதன் மேல் இரண்டும் படுத்துத் தூங்குகின்றன.

வேறு ஆளாக இருந்தால் எரிச்சல் வந்திருக்கும். ஏசுபாதத்துக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வேலையை விட்டுவிட்டுப் போய்க் கூண்டின் முன்னால் குந்தியவர், மதியம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. “இன்னா பல்லு, இன்னா வேகம்” என்று அன்றைக்கு முழுக்க மனைவி ரூத்திடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

அவர் குடும்பம் செய்யூர்ப் பக்கம் கூலிக்குப் போன குடும்பம். அறுப்பு முடிந்த வயலில் வளையைத் தோண்டி, எலி சேர்த்து வைத்த நெற்கதிரை எடுத்து வந்து கஞ்சி காய்ச்சிய நாட்கள் உண்டு. எலி எங்கே படுக்கும், எங்கே தானியத்தை ஒளிக்கும், ஓடித் தப்ப எந்தப் பக்கம் வழி வைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. “அப்ப அதுங்க வூட்ட இடிச்சி சாப்ட்டோம். இப்ப அதுங்களுக்கு வூடு கட்டி சாப்புடறோம்” என்பார். “சோறு வந்துச்சில்ல, வுடு” என்பார் ரூத்.

அவர் கட்டுகிற வீட்டுக்கு நான்கு பக்கமும் கண்ணாடி, மேலே கம்பிவலை மூடி. பிளாஸ்டிக் மருந்துக்கும் கிடையாது. உள்ளே ஒரு அடி உயரத்துக்கு மரச்சீவலும் வைக்கோலும் நிரப்ப வேண்டும். தோண்ட முடியாவிட்டால் அதற்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்பது அவர் கட்சி. வாசனை அடிக்கிற மரத்தின் சீவல் உள்ளே வரக்கூடாது, அதற்கு மூச்சுக்கு ஆகாது. முடித்த பிறகு ஒரு பழைய நைலான் துப்பட்டாவை எல்லா விளிம்புகளிலும் இழுத்துப் பார்ப்பார். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே அரம் போடுவார். உள்ளே ஓடி விளையாடக் கம்பிச் சக்கரம் வேண்டும் என்று கேட்பவர்களிடம், “வாலு மாட்னா தோலு உரிஞ்சிகினு வந்துடும், பரவால்லியா?” என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

ஒருவர், ஜெர்பில்கள் புரண்டு உடம்பைச் சுத்தம் செய்துகொள்ளட்டும் என்று நெம்மேலிக் கடற்கரையிலிருந்து மணலை அள்ளி வந்து உள்ளே கொட்டிவிட்டார். ஏசுபாதம் மணலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். “கடல் தண்ணில உப்ப எடுக்க அம்மாம்பெரிய பிளாண்ட்டு வச்சிகீறாங்க நெம்மேலில. நீங்க வெறுங்கையால அள்ளியாந்து போட்டுகீறீங்களே சார்” என்றார். அந்த மனிதர் மணலை வாரினார்.

இத்தனை விவரம் தெரிந்தவர்தான் போன கத்திரி வெயிலில் அந்தக் காரியத்தைச் செய்தார்.

வெயிலில் ஜெர்பில்கள் துவண்டு கிடப்பதாகப் போன் மேல் போன் வந்தது. ஏசுபாதத்துக்கு ஒரு யோசனை. சமையல்கட்டு மேடைக்கு அறுத்த கிரானைட்டில் மிஞ்சிய துண்டுகளை ஒட்டி, ஒரு வாசல் வைத்து, சின்ன அறையாகச் செய்தார். கல் குளுகுளுவென்று இருக்கும். பார்க்கவும் பளபளவென்று அழகாக இருந்தது. ஐந்து வீடுகளில் அதைக் கொண்டுபோய்ச் சீவலின் மேல் வைத்தார். கண்ணில் படுகிற மாதிரி மேலே வைத்தார், அவ்வளவு பெருமை.

பத்து நாள் கழித்து வசுமதி கூப்பிட்டார். “கடுகு காலையிலேர்ந்து கண்ணுல படலண்ணா. தோண்டிப் பாக்க பயமா இருக்கு. வர்றீங்களா?”

உள்ளே நுழைந்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. கல் அறை ஒரு பக்கமாகச் சாய்ந்து சீவலுக்குள் இறங்கியிருந்தது. சீவலை வாரிப் போட வசுமதி தட்டு எடுத்துவரப் போன நேரத்தில் அவர் கல்லைத் தூக்கினார். அடியில், தான் தோண்டிய வழியிலேயே கடுகு நசுங்கிக் கிடந்தது. ஏசுபாதம் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

தட்டோடு திரும்பிய வசுமதி அவர் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வயசாயிடுச்சுண்ணா. மூணு வருஷம்தான் இருக்கும்னு அப்பவே படிச்சேன். தூக்கத்துலயே போயிருக்கும்” என்றார்.

ஆமாம் மேடம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கல்லுக்கு அடியில் கிடந்ததை வசுமதி பார்க்கவில்லை. ஏசுபாதத்தின் பேரும் கெட்டிருக்காது, தொழிலும் அது பாட்டுக்கு நடந்திருக்கும். ஆனால் இன்னும் நாலு வீட்டில் அதே கல், அதே மாதிரி, சீவலின் மேல் உட்கார்ந்திருக்கிறதே.

“வயசு இல்ல மேடம். நான் வச்ச கல்லுதான். அதுங்க கீழத் தோண்டும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிகினே வச்சேன். கடக்கால் போடாம வூடு கட்டிட்டேன்.”

வசுமதி அவரையே பார்த்தார். “கல்லை எடுத்துட்டுப் போயிடுங்க” என்றார். அவ்வளவுதான். நாலு திட்டு திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு மற்ற நாலு வீட்டுக்கும் போனார். ஒவ்வொரு வாசலிலும், நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் கல்லில் கை வைத்தார். கடைசி வீடு மாமல்லபுரத்தில், தங்கும் விடுதி நடத்தும் ரஞ்சித்குமாருடையது. “இங்க நல்லாத்தானே இருக்கு, இதை ஏன் எடுக்கறீங்க?” என்று அவர் தடுத்தார். “ஒரு வெரக்கடை எறங்கிகீது பாருங்க சார்” என்று கண்ணாடி வழியாகக் காட்டினார் ஏசுபாதம். ரஞ்சித்குமார் குனிந்து பார்த்துவிட்டு, தானே கல்லை எடுத்து வெளியே வைத்தார்.

சொன்னது பரவாமல் இருக்குமா? ஏசுபாதம் கட்டிய வீட்டில் ஜெர்பில் செத்துவிட்டது என்று ஜெர்பில் வளர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு முழுக்கப் போய்விட்டது. மூன்று வாரம் அவரை எவரும் ஒத்தை, ஜோடி சொல்லிக் கூப்பிடவில்லை. மோகன்கூட கிண்டலை நிறுத்திவிட்டார். அதுதான் அவரை அதிகமாக உறுத்தியது. வசுமதி வீட்டில் மிளகு தனியாகக் கிடக்குமே என்ற நினைப்பு வேறு. போன் செய்து கேட்கவோ தைரியமில்லை. கொசுவலை வேலை போக மிச்ச நேரத்தில் அந்தக் கல் அறைக்கு ஸ்டீல் குழாயில் நாலு கால் வைத்தார். கால்கள் சீவலுக்குள்ளே இறங்கிக் கண்ணாடித் தொட்டியின் அடிப்பலகையில் ஊன்றி நிற்கும். அப்புறம் கீழே எவ்வளவு தோண்டினாலும் கல் அசையாது. இரண்டு தடவை பிரித்து மூன்றாவது தடவை கட்டினார்.

போன ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து கடைக்குள் பொருளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வசுமதி வந்தார். கையில் ஓட்டை போட்ட இரண்டு அட்டைப்பெட்டிகள்.

“மிளகு சரியா சாப்பிடறதே இல்லண்ணா. துணைக்குப் புதுசா ஒண்ணு கெடைச்சிருக்கு. உடனே ஒண்ணாப் போட்டா கடிச்சுக் கொன்னுடுமாமே. நடுவுல கம்பிவலை வச்சு ஒரு வீடு கட்டித் தர்றீங்களா?”

“தரேன் மேடம். ரெண்டு பக்கமும் மோந்து மோந்து பழகட்டும். அப்பால எடுத்துக்கலாம்.”

வசுமதியின் பார்வை மேஜையில், கல் அறை வைத்துச் சீவல் நிரப்பியிருந்த தொட்டிக்குப் போனது. “திரும்பவும் கல்லா?”

“கல்லு மேல தப்பில்ல மேடம். நான் வச்ச எடம்தான் தப்பு. இப்ப கால் வச்சிகீறேன், அடியத் தொட்டுகினு நிக்கும்.”

“நிக்குமாண்ணா?”

ஏசுபாதம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். கல் அறைக்குக் கீழே இருந்த சீவல் அத்தனையையும் வாரி வெளியே போட்டார். வெறுமையான அந்த இடத்தில், கல்லுக்கு நேர் அடியில், தன் வலது கையைக் கவிழ்த்து வைத்தார்.

“அமுக்குங்க மேடம்” என்றார்.

வசுமதி பெட்டிகளைக் கீழே வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பிறகு தொட்டிக்குள் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் கல்லின் மேல் பதித்து, குதிகால் எழும்ப உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்து அமுக்கினார்.

“இன்னும்” என்றார் ஏசுபாதம்.