ஒண்ணேமுக்கால் கிலோ பையன்

மருந்துக் கடை வேலையில் என்ன மருந்து என்று கண்டுபிடிப்பது சுலபம்; அது யாருக்கு என்று கேட்டு வாங்குவதற்குள் உயிர் போய்விடும். எழுபதுகளின் கடைசியில் உழவர்கரையில் ஒரு கடைக் கவுண்டரில் நின்றவன் நான். உங்களில் யாராவது அப்படி நின்றிருந்தால் என் பாடு புரியும்.

ஒரு வேளை மட்டும்

சூசைநாதன் மில் தொழிலாளி. மில்லில் வேலை விட்டு விட்டு நடந்த சமயம். அவர் குடியிருந்த லைன் வீட்டு முற்றத்தில் ஒரு தெரு நாய் இரண்டு குட்டி போட்டுவிட்டு லாரியில் அடிபட்டுச் செத்தது. குட்டிகளுக்கு வயிறு பானையாக ஊதி, ஒன்று போய்விட்டது. மிச்சமிருந்த பிஜு என்ற குட்டியை மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். உடனே பூச்சி மருந்து கொடு, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தரம் கொடு, இல்லாவிட்டால் இதுவும் தங்காது என்றாராம் டாக்டர்.

டாக்டர் சீட்டோடு எங்கள் கடைக்கு வந்தார். நாய்க்கென்றே மாத்திரை இருந்தது. அட்டையோடு வாங்க வேண்டும். விலையைச் சொன்னதும் சூசைநாதன் சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். குழந்தைகள் குடிக்கும் ஆரஞ்சு சிரப்பும் ஆகும் என்று டாக்டர் எழுதியிருந்தார். அதிலும் முழு பாட்டில் அவருக்குக் கட்டாது. எங்கள் கடையில் பாட்டிலைப் பிரித்து ஒரு வேளை மருந்தைச் சின்னக் குப்பியில் ஊற்றித் தருவோம். முதலாளி இதைத் தர்மம் என்பார். லாபமும் இருந்தது. எடை தெரிந்தால்தான் அளவு சொல்ல முடியும் என்றேன். சூசைநாதன் சொன்னார்: "ரேஷன்லயே எடை சரியா போட மாட்டான், நாய்க்கு இன்னா சார் எடை?"

தராசு

எதிரே பழைய பேப்பர் கடை. பிஜுவைத் துணிப்பையில் போட்டு, தலையை மட்டும் வெளியே விட்டுத் தட்டில் வைத்தோம். அது அசையவே இல்லை. நல்ல குட்டியென்றால் தட்டில் நிற்குமா? சூசைநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒண்ணேமுக்கால் கிலோ. பேப்பர் கடைக்காரர் நியாயஸ்தர். "பையோட எடைய கழிச்சிட்டேன். உள்ள இருக்கிற பூச்சியையும் கழிக்கணுமா?" என்றார்.

ஆளுக்கொரு பையன்

லைன் வீட்டில் ஐந்து குடித்தனம். குட்டி எல்லார் வீட்டிலும் சாப்பிடுவதால் எல்லாருமாகக் காசு போட்டு வாங்கலாம் என்று சூசைநாதன் வீடு வீடாகக் கேட்டார். திரும்பி வந்து, "எடை எவ்ளோன்னு மட்டும் கேட்டுக்கிட்டாங்க சார்" என்றார். மறுநாள் காலையில் எப்படியோ புரட்டிக்கொண்டு வந்து ஒரு குப்பி வாங்கிப்போனார்.

மத்தியானம் 'சொல்தா' என்று ஊரில் கூப்பிடும் பெரியவர் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாது. பேரப் பையனுக்குப் பூச்சி மருந்து ஒரு வேளை வேண்டும் என்றார். வயது ஆறு வாரம் என்றார். அந்த வயதுக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாதே என்று இழுத்தேன். "பல்லெல்லாம் வந்துட்டுது தம்பி, நீ ஊத்து" என்றார்.

ஓட்டம்

ஆறு வாரத்தில் பல் என்றால் ஏதோ நாய்க்குத்தான் கேட்கிறார் என்று ஊற்றிக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் இட்லிக்கடை அஞ்சலை அக்கா வந்து, தன் பையனுக்கு ஒரு வேளை என்றாள். எடை கேட்டேன். ஒண்ணேமுக்கால் என்றாள். பிஜுவின் எடை! அப்படியானால் இவளைப் போலச் சொல்தாவும் அதே லைன் வீடாகத்தான் இருக்க வேண்டும். பணம் கேட்டபோது கையை விரித்தவர்களுக்கு, இப்போது நாய்க்கு என்று சொல்ல வெட்கம். குப்பியை வைத்துவிட்டு அவளோடு ஓடினேன்.

முற்றத்தில் பிஜு கால் பின்னிப் பின்னி விழுந்தது. காலையில் சூசைநாதன் கொடுத்துவிட்டு மில்லுக்குப் போக, மத்தியானம் சொல்தா தன் பங்கையும் புகட்டியிருந்தார். மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். தண்ணீர் கொடுங்கள், பக்கத்திலேயே இருங்கள் என்றார்கள். பொழுது விடிந்ததும் பிஜு எழுந்து நின்றது. வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்திருந்தது. சொல்தா குனிந்து பார்த்துவிட்டு, "இது என் மருந்துல வந்தது" என்றார்.

ரெண்டாம் தரம்

இரண்டு வாரம் ஆயிற்று. முதல் தரம் முட்டி மோதிக்கொண்டு வந்த வீட்டிலிருந்து ஈ காக்கை கூட வரவில்லை. போய்ப் பார்த்தேன். பிஜு என் செருப்பைக் கடித்து இழுத்தது. தராசில் அசையாமல் கிடந்த குட்டியா இது என்று சந்தோஷமாக இருந்தது. இன்னொரு தரம் மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டேன். சூசைநாதன் சொல்தாவைப் பார்த்தார். சொல்தா அஞ்சலையைப் பார்த்தார். அவள்தான் வாய் திறந்தாள்: "யாராவது வாங்கியிருப்பாங்கன்னு இருந்துட்டோம்பா."

திரும்பி வந்து நானே ஒரு குப்பியில் ஊற்றினேன். முதலாளி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து யாருக்கு என்றார். பையனுக்கு என்றேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது அவருக்கும் தெரியும். "எடை?" என்று மட்டும் கேட்டார்.

கவுண்டருக்கு எந்தப் பக்கம் நின்றாலும், மருந்து வாங்குகிற நேரத்தில் மனுஷனுக்கு ஒரு பையன் பிறந்துவிடுகிறான்.