எல்லையம்மன் இறங்கிய வாசல்

மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் கல்லேரிக்கு இரண்டு மாநிலங்கள் சொந்தம் கொண்டாடின. ஓட்டு கேட்கிற மாதத்தில் இரண்டும் வரும். கிணறு வற்றுகிற மாதத்தில், அது அவங்க ஊரு என்று இரண்டும் கையை விரிக்கும்.

ஊருக்கு வெளியே ரோடு திரும்பும் இடத்தில் வெள்ளைக்காரன் நட்ட எல்லைக்கல் இருந்தது. அதற்கு மஞ்சள் பூசி, புடவை சுற்றி, எல்லையம்மன் என்று கும்பிட்டார்கள். நான் சபைக்குப் போகிறவள். அவர்கள் பக்தியை நான் குறை சொன்னதில்லை.

ஊரின் கடைசி வீட்டுக்காரி சௌந்தரம். என்னோடு ஆம்பூரில் ஷூ தைக்க வந்தாள். கம்பெனி பஸ் அந்தக் கல்லோடு திரும்பிவிடும்.

"அதுக்கு மேல தகராறு நிலம். பர்மிட் இல்லம்மா" என்பார் டிரைவர் ரஃபி அகமது.

சௌந்தரத்துக்கு முட்டி தேய்ந்துவிட்டது. அவள் நடந்து வருவதற்குள் பஸ் போய்விடும். இன்னொரு முறை தவறினால் வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். கணவனை இழந்தவளுக்கு அந்த வேலையை விட்டால் வேறு கதியில்லை.

ஆடி மாதம் கல்லைப் பிடுங்கிக் கழுவி, ஊர்வலம் கொண்டுபோய், திரும்ப அதே குழியில் நடுவது வழக்கம். தொண்ணூற்றேழில் ஊர்வலம் கடைசி வீட்டருகே வந்தபோது பேய்மழை பிடித்துக்கொண்டது. சாமியைக் கீழே கிடத்தக்கூடாது.

"எங்க வாசல்ல நட்டுடு மாமா. அம்மாவுக்கு எங்க இருந்தா இன்னா?" என்றாள் சௌந்தரம்.

"மழை விட்டதும் எடுத்துடலாம்" என்று பூசாரி பச்சையப்பன் நட்டார். நட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது: நட்ட சாமியை அடுத்த ஆடிவரை அசைக்கக்கூடாது.

மறுநாள் பஸ் ஊருக்குள் வந்து சௌந்தரம் வாசலில் நின்றது.

"கல்லு எங்கயோ அதுவரைக்கும் எனக்கு பர்மிட். நீ தோஸ்த் புடிச்ச எடம் பெரிய எடம்மா!" என்று சிரித்தார் ரஃபி அகமது.

தை மாதம் இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் சேர்ந்து அளக்க வந்தார்கள்.

"இதுதானா பழைய கல்லு?"

"வெள்ளைக்காரன் நட்ட கல்லுதான் சார்" என்றார் பச்சையப்பன். அவர் பொய் பேசாதவர்.

அதிகாரிகள் கை குலுக்கிக்கொண்டு கல்லைச் சுற்றி சிமென்ட் போட்டுவிட்டுப் போனார்கள். ஊர் முழுக்கத் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. கல்லுக்குப் பின்னால் இருந்த ஒரே வீடு மட்டும் ஆந்திராவுக்குப் போய்விட்டது. வெளிமாநிலத்து ஆளை வேலைக்கு வைக்க முடியாது என்றது கம்பெனி. இந்த மாநிலத்து விலாசம் கொண்டுவர ஒரு வாரம் தவணை கொடுத்தார்கள்.

இனி அம்மனை நகர்த்த வழியில்லை. சௌந்தரம் ஒரு நாள் முழுக்க எல்லையம்மனோடு சண்டை போட்டாள். மறுநாள் கல்லுக்கு முன்பக்கம் நாலு கம்பு நட்டு, ஓலை வேய்ந்து, அடுப்பைத் தூக்கி அங்கே வைத்தாள்.

விஏஓ வந்து பார்த்தார். "எதும்மா உன் வீடு?"

"சோறு ஆக்குற எடந்தான் சார் வீடு. பின்னால இருக்கிறது சும்மா படுக்கிற எடம்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே விலாசம் எழுதிக் கொடுத்தார். கர்த்தர் அவரை ஆசீர்வதிக்கட்டும்.

வேலை நிலைத்தது. பஸ்ஸும் வாசலுக்கே வருகிறது. ரஃபி அகமதுதான் இன்னும் கிண்டலை விடுவதில்லை.

"சௌந்தரம்மா, ஆந்திராவுல விடிஞ்சிடுச்சா?"

"விடிஞ்சுது விடிஞ்சுது. தமிழ்நாட்டுல காபி கொதிக்குது, ஒரு நிமிசம் நில்லு பாய்."