மாயிசான் அண்ணை

மவுண்ட் வெல்லிங்டன் கடைத்தொகுதிக்கு நான் போனது ஒரு சோடி காலுறை வாங்க. பயண முகவர் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த படத்தைக் கண்டதும் காலுறை மறந்துபோயிற்று. அருகருகே இரண்டு மொட்டைப் பாறைச் சிகரங்கள். கொரியாவின் மாயிசான் மலை. உடனே மூக்கில் வெங்காய மணம் அடித்தது. சிரிக்காதீர்கள், எனக்கு அந்த மலை வெங்காயம்தான் மணக்கும்.

நியூசிலாந்துக்கு வந்த புதிதில் புக்கெகோஹியில் வெங்காயம் பொதி செய்யும் கொட்டகையில் வேலை செய்தேன். தேநீர் அறையில் அந்த மலையின் கலண்டரை மாட்டியவள் என்னோடு நின்ற கொரியப் பெண் சூன்ஜா. அவளுடைய ஊர் அதன் அடிவாரம். கோயில், அதைச் சுற்றிச் சாந்தில்லாமல் அடுக்கிய கல் கோபுரங்கள், ஜின்செங் கடைகள், பன்றி விலா சுடும் சாப்பாட்டுக் கடைகள், செரிப் பூப் பார்க்க வரும் பஸ்கள் என்று சொல்லிக்கொண்டே போவாள். ‘மா’ குதிரை, ‘யி’ காது, ‘சான்’ மலை. பருவத்துக்கொரு பெயரும் உண்டாம். வசந்தத்தில் பாய்மரம், கோடையில் டிராகன் கொம்பு, இலையுதிர் காலத்தில் குதிரைக் காது, குளிர்காலத்தில் மை தொட்ட தூரிகை. பெண் சிகரத்துக்கு அம்மாயிபொங் என்று பெயர். எனக்கு அதில் ‘அம்மா’ மட்டும்தான் கேட்டது. அப்போது யாழ்ப்பாணத்தில் அம்மா படுத்த படுக்கை.

லீவுக்குக் கையெழுத்து வைக்கவேண்டியவர் எங்கள் மேற்பார்வையாளர் குணம் அண்ணை, நம்முடைய ஊர் ஆள். சொல்லாமல் போனால் என் விசா போய்விடும்.

“அண்ணை, அம்மாவுக்குக் கடுமையாம். ரெண்டு கிழமை லீவு தாங்கோ.”

“சீசன் முடியட்டும் தம்பி. கொம்மா அவ்வளவு கெதியாப் போகமாட்டா.”

இரண்டாம் தரமும் அதே பதில். மூன்றாம் தரம் என் முகத்தைப் பார்த்தபடியே காதில் கைவைத்தார். “மெஷின் சத்தம். கேக்கேல்லை.” தேநீர் இடைவேளை அது. மெஷின் நின்று ஐந்து நிமிடமாகியிருந்தது.

சீசன் முடிய எட்டு நாள் இருக்கையில் அம்மா போய்விட்டார். உடைந்த வெங்காயம் பொறுக்கும் மேசையில் நின்று அழுதேன். அங்கே எல்லோருக்கும் கண்ணீர் வரும் என்பதால் ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

அடிக்கத் துணிவில்லை. எங்கள் ஆட்களுக்குக் கைவந்த ஆயுதம் ஒன்று இருந்தது, பட்டப்பெயர் தெளிப்பது. ‘மாயிசான் அண்ணை’ என்று வைத்தேன். அவருக்குக் காதும் கொஞ்சம் பெரிதுதான். அதென்ன பேர் என்று அவர் கேட்டபோது, “கொரியாவில பெரிய மலை அண்ணை, சனம் பஸ் பிடிச்சுப் போய்ப் பாக்கும்” என்றேன். மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கொட்டகை முழுக்க அவரை அப்படியே கூப்பிட்டது. சூன்ஜா வெங்காயப் பெட்டிக்குப் பின்னால் போய்ச் சிரிப்பாள். எனக்கு அது போதவில்லை.

“என்ர மலையைப் பாக்கிறீரோ தம்பி?”

பயண முகவர் கடைக் கண்ணாடியிலிருந்து திரும்பினால் குணம் அண்ணையேதான். எண்பது வயது இருக்கும். கையில் அதே மலையின் விளம்பரத் தாள்.

“ஒக்டோபரில மனிசியோட போறன். நீர்தானே எனக்கு அந்தப் பேர் வச்சனீர். அதின்ர அர்த்தம் என்ன?”

பதினெட்டு வருடம் வைத்திருந்ததைச் சொன்னேன். “குதிரைக் காது அண்ணை. அம்மா சாகிறா எண்டது கேக்காத காது.”

அவர் காதைத் தட்டிக் காட்டினார். “கேக்கேல்லை தம்பி. இப்ப காதில மாட்டுற மெஷினும் உதவாது.”

இரக்கம் வரப் பார்த்தது. விழுங்கினேன். ஓக்லண்டில் இது குளிர்காலம், சூன்ஜாவின் கணக்கில் தூரிகைப் பருவம். தாளை வாங்கி, மலைக்கு மேலே இருந்த வெறும் வானத்தில், சொன்னதைப் பெரிய எழுத்தில் எழுதினேன். என் பெயரையும் போட்டேன்.

“கண்ணாடி கொண்டரேல்லை. மனிசி வாசிச்சுச் சொல்லும்,” என்று மடித்துப் பைக்குள் வைத்தார்.

அந்தக் கொட்டகை இப்போது இல்லை, அங்கே வீடு கட்டி விற்கிறார்கள். சூன்ஜா ஊர் திரும்பிவிட்டாள். கலண்டர் எந்தக் குப்பையில் போனதோ. அம்மா இல்லை. கேட்காததுபோல நடித்த காதுகூட இப்போது இல்லை. இன்று மாலை அவர் மனைவி அந்தத் தாளை உரத்து வாசிக்கவேண்டியிருக்கும். ஒரு தரத்தில் அவருக்குக் கேட்காது. இரண்டாம் தரம் வாசிக்கட்டும். மூன்றாம் தரமும் வாசிக்கட்டும்.