வாகரை மச்சாளின் குரல்

அறிவிப்புக்குக் குரல் கொடுப்பது சுகமான தொழில். ஊரே திட்டும், ஆனால் திட்டு வாங்குகிற ஆள் யாரென்று யாருக்கும் தெரியாது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவால் காலைத் தூக்கம் கெட்ட எல்லாரும் எனக்குச் சொந்தம் என்பதால் உங்களிடம் ஒன்றும் மறைக்கப்போவதில்லை. ஓ.எல். சோதனை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை ஆரையம்பதியில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கடையில் வேலை செய்தேன். வயது பதினேழு, குரல்கள் நாற்பதுக்கு மேல். கிழவன், கைக்குழந்தை, எங்கள் பள்ளி அதிபர், பக்கத்து வீட்டுச் சேவல், எல்லாம் வரும். கணினிக்கு முன்னால் இருந்து என் குரலை வெட்டி ஒட்டுகிறவர் ஜெகன் அண்ணன். அது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. இதை எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது என்றார், பெயரையும் அவரே தேர்ந்து தந்தார்.

இருமல்

மீன் ஆட்டோக்காரர் ஒருவர் "மணலை, ஓரா, இறால்" என்று கூவ ஒரு குரல் கேட்டு வந்தார். நான் விளையாட்டாக எழுபது வயதுக் கிழவனின் குரலில் கூவி, நடுவில் இரண்டு தரம் இருமியும் வைத்தேன். ஜெகன் அண்ணனுக்கு மற்றவர்களின் இருமல், மூச்சு, எச்சில் விழுங்குகிற சத்தம் எல்லாவற்றையும் வெட்டுவதுதான் நாள் முழுக்க வேலை. இதையும் வெட்டத்தான் போனார். நான் கும்பிட்டுக் கேட்டதால் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

ஒரு வாரம் கழித்து மீன்காரர் திரும்பி வந்தார். பிடிபட்டோம் என்று நான் மேசைக்குப் பின்னால் பதுங்கினேன். அவர் என்னைத் தேடிப் பிடித்துச் சொன்னார்: "வயசு போன மனிசன் வெயிலுக்குள்ள கஷ்டப்படுறார் எண்டு சனம் பாவம் பாத்து வாங்குது மகள். இன்னும் கொஞ்சம் கூட இருமித் தா."

புது நம்பர்

ஜெகன் அண்ணனுக்கு இருபத்தெட்டு வயது. வாகரையில் இருக்கும் தாய்மாமனின் மகளை அவருக்கு முடிப்பதென்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தார்கள். ஆவணியில் கல்யாணம். அந்த மச்சாள் ஒரு தரம் அவருடைய அம்மாவோடு கடைக்கு வந்து, சோடா குடித்து, நாலு வசனம் பேசிவிட்டுப் போனாள். எனக்கு நாலு வசனம் போதும். மெல்லிய குரல், கடைசியில் ஒரு சின்ன இழுப்பு.

ஒரு மத்தியானம் புது சிம் ஒன்றைப் போட்டுக்கொண்டு கடையின் பின்பக்கம் போய் நின்று அவருக்குப் போன் எடுத்தேன். "மச்சான், நான்தான். புது நம்பர்." வெட்கப்படுவார், உளறுவார், ஒரு மாதத்துக்கு வைத்துச் சிரிக்கலாம் என்பது என் திட்டம். அவரோ, தானே மச்சாளுக்கு எடுக்க வேண்டும் என்று இரண்டு மாதமாக நினைத்ததாகச் சொன்னார். தனக்குப் பெண்களில் மனம் போவதில்லை, ஆண்களில்தான் போகும், மீசை முளைக்க முன்னமே அது தெரியும் என்றார். சிரிக்கத் திறந்த என் வாய் திறந்தபடியே நின்றது. அவர் குரலில் இருந்த நடுக்கத்தை என் குரலில் எடுக்க என்னால் முடியாது. எடுத்துப் பார்க்கவும் இல்லை. "நீ நல்ல பிள்ளை மச்சாள். உன்ட வாழ்க்கையப் பாழாக்க எனக்கு ஏலா. என்னைப் பிடிக்கல்ல எண்டு மாமாட்டச் சொல்லிரு. பழி என்னில விழட்டும்."

பதினொரு பேர்

"ம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மச்சாளுக்குச் சொல்லிவிட்டோம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். மச்சாளுக்கு ஒன்றும் தெரியாது. உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான். விளையாட்டு என்று சொல்ல வாய் வராமல் தள்ளிப்போட்டேன்.

அந்தக் கிழமை பார்த்து ஒரு அமைப்பு இரண்டு நிமிட விழிப்புணர்வு நாடகம் ஒன்றைப் பதியத் தந்தது. அதில் மகன் தான் ஆண்களை விரும்புவதாகச் சொல்வான், தாய் டொக்டரிடம் போய் "இது பிறவியா, பழக்கமா?" என்று கேட்பாள். தாய்க்குக் குரல் நான். எத்தனை தரம் எடுத்தும் சரிவரவில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஜெகன் அண்ணன் முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் "இன்னொருக்கா" என்று கைகாட்டிக்கொண்டிருந்தார்.

அம்மன் கோவில் சடங்குக்கு அறிவிப்புப் பதிய வந்து காத்திருந்த ஓய்வு பெற்ற மாஸ்டர் ஒருவருக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்துவிட்டது. வாத்திமார் காதில் கேள்வி விழுந்தால் விடுவார்களா? இதெல்லாம் வளர்ப்பு என்று தொடங்கினார். தகப்பன் இல்லாத வீட்டில் தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்து வளர்கிற பொடியன்களுக்கு இப்படித்தான் ஆகும், ஆண்பிள்ளை எப்படி இருப்பான் என்று காட்ட வீட்டில் ஆள் இல்லை என்று கால் மணி நேரம் விளக்கினார். ஜெகன் அண்ணனின் தகப்பன் சண்டைக் காலத்தில் வேலைக்குப் போய்த் திரும்பி வராதவர். அண்ணன் கணினியில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "எங்கட தெருவில தகப்பன் இல்லாம வளந்த பொடியன்கள் பன்னிரண்டு பேர் மாஸ்டர். பதினொரு பேரும் பொம்பிளையப் பாத்து விரும்பிக் கட்டித்தான் இரிக்கிறாங்க."

பதினாறு பேர்

காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் நசீர் நானா, அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள், பெருநாள் விற்பனைக்கு விளம்பரம் பதிய வந்தார். அவர் குரலை எடுப்பது எனக்குத் தேன் குடிப்பது மாதிரி. அவர் முன்னாலேயே எடுப்பேன், அவரும் ரசிப்பார். அன்று அவரிடம் நாடகத் தாளைக் காட்டி அந்தக் கேள்வியைக் கேட்டேன். எனக்கு விடை வேண்டியிருந்தது. பழக்கம்தான் என்றால் ஜெகன் அண்ணன் மாறலாம், கல்யாணமும் நடக்கலாம், என் குற்றமும் கரைந்து போகலாம் என்று ஒரு கள்ளக் கணக்கு.

ஆனால் என்னையே நான் யோசித்துப் பார்த்தேன். ஆறு வயதில் இருந்து ஆம்பிளைக் குரலில் பேசுகிறேன். பழக்கம் ஒட்டுமென்றால் இதற்குள் எனக்குத் தாடியே வந்திருக்க வேண்டும். மைக்கை வைத்துவிட்டு வெளியே வந்தால், டியூசனில் மூன்றாம் வரிசை வாங்கில் இருக்கிற பொடியன் திரும்பிப் பார்த்தானா என்றுதான் இன்னும் மனம் தேடுகிறது. அதை எனக்கு ஆர் பழக்கினது? அது எங்கிருந்து வந்தது என்று என்னைப் பிடித்து வைத்து ஒருவரும் கேட்டதில்லை. நசீர் நானா தாளை மடித்துத் தந்தார். "மார்க்கத்தில கூடாது எண்டுதான் நான் படிச்சிரிக்கன், அது வேற கதை. ஆனா பழக்கத்தால வாற எண்டு மட்டும் சொல்லாதீங்க மகள். கட்டார்ல எட்டு வருசம் பதினாறு ஆம்பிளையளோட ஒரே அறையில கிடந்தன். எனக்குத் தொத்தினது சொறி மட்டும்தான்."

ஒன்றை மட்டும்

வாகரையில் இருந்து கூறைச் சேலைக்கு நிறம் கேட்டு ஆள் வந்தது. அன்று ஜெகன் அண்ணன் தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு, யாருக்கோ சொல்வது போலச் சொன்னார்: ஒரு ஆளுக்கு எல்லாம் தெரிந்தும் ஓம் என்று வந்தால், அந்த ஆளை ஏமாற்றியதாக ஆகாதுதானே. தெரிந்துகொண்டுதான் மச்சாள் வருகிறாள் என்று நம்பி, இந்த மனிதன் தாலி கட்டவே துணிந்துவிட்டார்.

என் குரலில் சொல்ல வாய் வரவில்லை. மச்சாளின் குரலில் ஒரே ஒரு வசனம் சொன்னேன்: "மச்சான், நான்தான். புது நம்பர்." அவருக்கு உடனே விளங்கிவிட்டது. ஏசவில்லை. கணினியை நிறுத்திவிட்டு அதன் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போது யாருடைய குரலும் வரவில்லை, சளி அடைத்த ஒரு மொட்டைக் குரல்தான் வந்தது. பிறகும் புத்தி வராமல் ஒரு உதவி சொன்னேன். உங்கட குரல் எனக்கு அச்சொட்டா வரும், மாமாவுக்கு நானே எடுத்து எல்லாத்தையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் வாயே திறக்க வேண்டாம் என்றேன். அவர் எழும்பிச் செருப்பை மாட்டினார். "ஊரில ஆர்ர குரலில வேணுமெண்டாலும் நீ கதை. இந்த ஒண்ட மட்டும் நான் கதைக்கிறன்."

மச்சாள்

அடுத்த நாள் விடிய அவர் வாகரைக்கு பஸ் ஏறினார். அங்கே என்ன நடந்தது என்று முழுதாகத் தெரியாது. மாமா கதவைச் சாத்திவிட்டார் என்றும், மச்சாள் பின்னால் ஓடி வந்து றோட்டு வரைக்கும் கூடவே நடந்தாள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். பின்னேரம் கடைப் போனில் ஒரு பெண் என்னைக் கேட்டாள். கரைவலை இழுக்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரிக் கணீரென்ற குரல். யாரென்று எனக்குப் பிடிபடவில்லை. "நீதானேகா என்ட குரல எடுத்த? மாமிக்குப் பக்கத்தில இரிந்ததால அண்டைக்கு மெல்லமாக் கதைச்சன். அடுத்தமுறை எடுக்கிற எண்டா நல்லாச் சத்தமா எடு."

வெட்டுதல்

மூன்றாம் நாள் ஜெகன் அண்ணனின் அம்மா கடைக்கு வந்தார். மகன் அந்த நாடகத்தைப் பற்றியும் சேர்த்து இரண்டு நாளாகச் சொல்லியும் அவருக்கு இன்னும் ஒரு விடை வேண்டும்போல. மகனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: மகள், அந்த நாடகத்தில டொக்டர் என்ன சொல்றார், பிறவி எண்டோ, பழக்கம் எண்டோ? தாளில் டொக்டருக்குப் பெரிய வசனம் ஒன்று இருந்தது. வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. தெரியாது மாமி என்றேன். அது உண்மையும்தான்.

அவர் தானே சொல்லத் தொடங்கினார். பெண்பிள்ளை வேண்டும் என்று நேர்ந்து, பிறந்தவனுக்கு மூன்று வயது வரைக்கும் பூ வைத்துப் பார்த்தாராம். தகப்பன் போன பிறகு பயத்தில் வெளியே விளையாட விடவில்லையாம். "பிறவி எண்டா நான் பெத்ததில பிழை. பழக்கம் எண்டா நான் வளத்ததில பிழை. எந்தப் பக்கத்தால வந்தாலும் எனக்கு மேலதானே மகள் விழுது?"

அண்ணன் எழும்பி வந்து தாய்க்குப் பக்கத்தில், தரையில் இருந்தார். தாயின் காலைப் பிடித்துக்கொண்டு, இருமலை வெட்டுகிற அதே நிதானத்தில் சொன்னார்: "அந்தப் பிழை எண்டுறத மட்டும் வெட்டிப்போட்டு இன்னொருக்காச் சொல்லிப் பாருங்கம்மா."

மாமி சொல்லிப் பார்த்தாரா என்பதை நான் எழுதமாட்டேன். நாற்பது குரலும் எங்கிருந்து வந்தது என்று ஊரே என்னைக் கேட்கிறது, மன்னிப்புக் கேட்டபோது வந்த அந்த மொட்டைக் குரல் பிறவியா பழக்கமா என்று இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.