ஆண்ட்ராய்டுதான் முதலில் என்றான்

போனில் ஒரு கோளாறும் இல்லை. மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் மேசை அதிர அடித்தது. மாரித்தாய் அக்கா மட்டும் நம்பவில்லை.

"இங்கன அடிக்கு தம்பி. அங்கன அடிக்க மாட்டேங்கு. ஸ்பீக்கரு போயிட்டோ என்னமோ, கழட்டிப் பாரேன்."

"ஸ்பீக்கரு போனா இங்கன மட்டும் எப்படிக்கா அடிக்கும்?"

"அப்ப ஏன் யாரும் கூப்பிட மாட்டேங்காவ?"

அது ஜூலை மாதம். குற்றாலத்தில் சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. தென்காசியில் என் செல்போன் கடையில் அக்காவுக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். எனக்கு இயல்பிலேயே பொறுமை குறைவு. "வேலவெட்டி இல்லாமலா இருக்கேன் நான்?" என்று கேட்டுவிட்டேன். அக்கா போனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இன்றைக்கு நினைத்தால் அந்த வாயில் நானே ரெண்டு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அக்காவுக்கு ஐந்தருவியில் மிளகாய் பஜ்ஜிக் கடை. புருஷன் செல்லச்சாமி போட்ட கடை. அவர் போய்ச் சேர்ந்த பிறகு பன்னிரண்டு வருஷமாக அக்காதான் சட்டியைப் பிடிக்கிறாள். சீசன் மூன்று மாதம். அந்த மூன்று மாதத்து வியாபாரத்தில்தான் வருஷம் முழுக்க அடுப்பு எரிய வேண்டும்.

குற்றாலத்தில் தெரிந்தவன் ஒருத்தன் இருந்துவிட்டால் போதும், சீசனில் ஊர் உலகமே அவனைக் கூப்பிட்டுத் தண்ணீர் விழுகிறதா என்று கேட்கும். தென்காசியில் இருக்கிற என்னையே விடமாட்டார்கள். அக்காவுக்குச் சிவகாசி, சங்கரன்கோவில், புனலூர் என்று எங்கிருந்தெல்லாமோ போன் வரும். வண்டி கிளம்பும் முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்ப மாட்டார்கள். ஏனென்றால் இல்லாத தண்ணீரை இருக்கிறது என்று அக்கா ஒரு நாளும் சொன்னதில்லை. "பொம்பளைய பக்கம் நூலாத்தான் விழுது, பிள்ளையளக் கூட்டிட்டு நாளைக்கு வாங்க" என்பாள். மறுநாள் வந்து குளிப்பார்கள். குளித்த ஈரத்தோடு அவள் கடைக்குத்தான் வருவார்கள். யாரைக் கூப்பிட்டுக் கேட்டார்களோ அவள் கடை இருக்க, வேறு கடையில் தின்பதற்கு மனசு வராது. அவள் வியாபாரமே இதுதான்.

இந்த அக்காவிடம் சுபாஷைக் கூட்டிக்கொண்டு போனவன் நான். அதை நானே சொல்லிவிடுகிறேன், பிறகு இன்னொருத்தர் சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம்.

சுபாஷ் தென்காசிக்காரன். ஏதோ கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். மார்ச்சில் என் கடைக்கு வந்தான். எந்த அருவியில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்ல ஒரு ஆப் செய்யப் போகிறானாம்.

"ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் தனித்தனியா எழுதணும் மசூதண்ணே. நான் ஒத்த ஆளு. எத முதல்ல செய்யன்னு சொல்லுங்க."

நான் ரிப்பேருக்கு வந்த போன்கள் கிடக்கும் டிராயரை இழுத்துக் காட்டினேன். "நீயே பாரு. பத்துக்கு ஒம்பது ஆண்ட்ராய்டு. ஐபோனெல்லாம் எங்க கடையநல்லூர்ல துபாய்க்காரங்க கொண்டாறதுதான்."

"அப்ப ஆண்ட்ராய்டுதான் முதல்ல" என்றான். என்னிடம் யோசனை கேட்டு ஒரு படித்த பையன் முடிவு எடுக்கிறானே என்று எனக்குப் பெருமை வேறு.

அன்றைக்கே ஐந்தருவிக்குப் போனோம். "அக்கா, தெனமும் காலையில தண்ணியப் பாத்து எனக்கு வாட்ஸ்அப்ல பேசி அனுப்புங்க. உங்க குரலே ஆப்ல கேக்கும். கீழ 'தகவல்: மாரித்தாய் கடை, ஐந்தருவி'ன்னு பேரு வரும். உங்களுதும் ஆண்ட்ராய்டுதான், முதல்ல உங்க போன்லதான் போட்டுத் தருவேன்" என்றான். அக்கா என்னைப் பார்த்தாள்.

"நம்பலாமா தம்பி?"

"நம்ம பயதான்க்கா" என்றேன்.

அடுத்த மாதம் சுபாஷ் மறுபடி வந்தான். எங்கள் ஊர்க்காரன் ஆதம் துபாயிலிருந்து கொண்டுவந்து விற்கக் கொடுத்திருந்த ஐபோன் ஒன்று கண்ணாடிப் பெட்டியில் கிடந்தது. மூலையில் ஒரு கீறல். அது வேண்டும் என்றான்.

"ஆண்ட்ராய்டுன்னுல்லா சொன்ன. இது எதுக்குலே?"

"சும்மா பழகிப் பாக்கத்தாண்ணே."

நாலு மாதமாக விலை போகாத சாமான். துணியில் துடைத்துக் கையில் கொடுத்தேன்.

ஜூன் முதல் தேதியிலிருந்து அக்கா ஒரு நாள் தவறாமல் குரல் அனுப்பினாள். அந்தக் கீறல் ஐபோனோடு சுபாஷ் அவள் கடைப்பக்கம் வரும்போது ஆப் எப்போது வரும் என்று கேட்டால், வேலை நடக்கிறது என்பான். ஜூலையில் அக்காவுக்குப் போன் வருவது குறைந்தது, பிறகு நின்றே போனது. ஊரெல்லாம் கூட்டம், அவள் கடையில் மட்டும் பஜ்ஜி ஆறிக் கிடந்தது. போன் கெட்டுவிட்டது என்று நினைத்துத்தான் பாவி மனுஷி என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தாள்.

விரட்டிவிட்டேனே என்று மனசு உறுத்த, ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் போனேன். அக்காவின் பழைய வாடிக்கை, புனலூர் மலையாளி ஒருவர், கடைக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அக்கா கூப்பிட்டு நிறுத்தினாள்.

"என்ன, இந்த வருசம் போனே காணும்?"

"இப்ப எதுக்கு சேச்சி விளிக்கணும்? இதில கேட்டாப் போதுமே" என்று சிரித்தபடி தன் ஐபோனைத் தட்டினார்.

"இன்னைக்கு அஞ்சும் நல்லா விழுது. தாராளமா வாங்க." அக்காவின் குரல். காலையில் அவள் அனுப்பியது. கீழே 'எங்கள் நேரடிப் பிரதிநிதி' என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே 'சாப்பிட' என்று ஒரு பொத்தான். தொட்டால் புளியறை ரோட்டில் புதிதாக வந்திருக்கும் ஒரு ரிசார்ட்டின் ஓட்டல் வந்தது. மாரித்தாய் என்ற பேர் எங்குமே இல்லை. அக்கா கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள், சட்டியில் பஜ்ஜி கருகியது.

அங்கிருந்தே சுபாஷைக் கூப்பிட்டேன். என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது.

"கோவப்படாதீங்கண்ணே. ஆண்ட்ராய்டு அடுத்த மாசம் வந்துரும்."

"அடுத்த மாசம் சீசன் முடிஞ்சிரும்லே. முதல்ல ஆண்ட்ராய்டுன்னு யாருல சொன்னது?"

"ரிசார்ட்காரருதான் செலவு பண்ணுதாரு. வேன்ல பத்து பேரு வந்தா ஒருத்தன்ட்டயாவது ஐபோன் இருக்கும், அது போதும்னாரு. கடைக்காரங்க போன்ல இப்ப வர வேண்டாம், வந்தா சண்ட சடவு வரும்னாரு. நான் என்ன செய்ய?"

அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து அவள் குரல் அனுப்பவில்லை. இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஆகஸ்டில் வெயில் ஏறியது. சாரல் போய், ஐந்தருவியில் பாறை தெரிந்தது. அப்போது சங்கரன்கோவிலிலிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்து இறங்கியிருக்கிறது, கிழவி முதல் கைக்குழந்தை வரை. வறண்ட பாறையைப் பார்த்துவிட்டு நேராக அக்கா கடைக்கு வந்திருக்கிறார்கள்.

"உங்க குரலுதானக்கா? அஞ்சும் நல்லா விழுதுன்னு நீங்கதான சொன்னிய? உங்கள நம்பித்தான வந்தோம்."

புதுக் குரல் வராததால் சுபாஷ் பழையதையே விட்டுவைத்திருந்தான், மேலே 'இன்று' என்று போட்டு.

மறுநாள் அக்கா என் கடைக்கு வந்தாள். போனை என் மேசையில் வைத்தாள்.

"பன்னெண்டு வருசத்துல ஒரு பொய் சொன்னதில்ல தம்பி. இப்ப தெனமும் சொல்லிக்கிட்டு இருக்கேன். அத நிறுத்திக் குடு. நீ போனு ரிப்பேரு பாக்கவன்தான?"

"இதுல இருந்து எடுக்க முடியாதுக்கா. அது ஐபோன் ஆப்பு. சுபாஷு மட்டுந்தான் நிறுத்த முடியும், அவன் போன எடுக்க மாட்டேங்கான்."

அக்கா மேசையில் கிடந்த தன் போனைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அவன் கையில ஒண்ணு இருந்துச்சே, மூலையில கீறலோட. அத வச்சுத்தான் இதச் செஞ்சானா?"

"ஆமாக்கா."

"அத எங்க வாங்குனான்?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்து வரவில்லை.

"நான்தான்க்கா குடுத்தேன். எதுக்குன்னு கேட்டேன். சும்மான்னான். விட்டுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா" என்றாள். போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அதன்பிறகு நான் பலமுறை கூப்பிட்டுவிட்டேன். போன் நன்றாகத்தான் அடிக்கிறது. அக்கா எடுப்பதில்லை.