கலெக்டர் குறுக்கே போன கதை

மணலூர்பேட்டையில் பெண்ணையாற்றுக்குப் போகிற வழியில் ஒரு முட்டுச்சந்து இருக்கிறது. அந்தச் சந்திலிருந்து உலகத்தின் எந்த மூலைக்குப் போவதென்றாலும் இருசம்மாள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். தெரு முனையிலேயே வீடு. அது அவள் செய்த முதல் குற்றம். இரண்டாவது குற்றம், பூனை வளர்த்தது.

பூனையின் பெயர் கலெக்டர். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான வருஷம் அது வைக்கோல் போருக்கடியில் கண் திறக்காமல் கிடந்தது. அப்போது டீக்கடையில் பேச்செல்லாம் புது மாவட்டம், புது ஆபீசு என்றுதான். பாவாடை என்று பெயர்கொண்ட இருசம்மாளின் புருஷன், குட்டியை உள்ளங்கையில் ஏந்தி வந்து, "நம்ம வூட்டுக்கும் ஒரு கலெக்டரு வந்துட்டாரு" என்றான். மஞ்சள் வரி போட்ட அந்தக் குட்டியும் பெயரைக் காப்பாற்றியது. வளர்ந்ததும் விடிந்தால் போதும், தெருவைப் பார்வையிடக் கிளம்பிவிடும். ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் நிற்கும். யார் குறையையும் கேட்காது. மீன் கழுவுகிற வீடாக இருந்தால் மட்டும் கூடுதல் நேரம் தங்கும்.

பாவாடை மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிற டிராக்டர் ஓட்டியவன். ஒருநாள் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மகள் எழில்மதி கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சியில் இருக்கிறாள். இருசம்மாளுக்கு மிச்சமிருந்தது இரண்டு கறவை மாடும் கலெக்டரும்தான். காலையில் பால் கறந்து, கேனைத் தூக்கிக்கொண்டு போய் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருவாள். அதுதான் பிழைப்பு.

சகுனம் பார்க்கிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சிக்கல் வரும். பால் எதிரே வந்தால் நல்லது. புருஷனை இழந்தவள் எதிரே வந்தால் ஆகாது. புருஷனை இழந்தவள் பாலோடு வந்தால்? இதற்கு எந்தப் பஞ்சாங்கமும் பதில் சொல்லவில்லை. தெருவே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தது. இருசம்மாளை உள்ளே போகச் சொல்லிவிட்டது.

யாரும் முகத்திலடித்த மாதிரி சொல்லவில்லை. எல்லாம் மரியாதையாகத்தான். "இருசம்மா, நகை எடுக்கப் போறோம், செத்த உள்ள இரேன்." "இருசம்மாக்கா, கொழந்தைக்கு மொட்டை போடப் போறோம், ஒரு நிமிசம்." அவளும் கேனைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் ஜன்னலுக்குப் பின்னால் நிற்பாள். முதல் தடவை அழுதாள். அப்புறம் பழகிவிட்டது என்று எழுதிவிடலாம், ஆனால் அது பொய். அவளுக்குப் பழகவேயில்லை. ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றுதான் இருந்தது.

கலெக்டருக்கு இந்த ஏற்பாடெல்லாம் தெரியாது. அது பாட்டுக்குக் குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

வினை தெய்வசிகாமணி ரூபத்தில் வந்தது. சந்தின் கடைசி வீட்டுக்காரர். கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல், ஒரு மோட்டார், ஒரு வாய். இவற்றில் கரண்டு போனாலும் நிற்காமல் ஓடுவது வாய்தான். அவர் மகன் அன்புச்செல்வன் பம்புசெட் கடையில் வேலை பார்க்கிறவன், தங்கமான பிள்ளை. அப்பா பேசும் இடத்தில் மகன் தலையை மட்டும் ஆட்டுவான். அப்பா இல்லாத இடமே கிடையாது என்பதால் அவன் குரலைக் கேட்டவர்கள் தெருவில் குறைவு.

அவனுக்குப் பெண் பார்க்கத் திருக்கோவிலூர் பக்கம் கிளம்பினார்கள். வேன் தெரு முனைக்கு வந்ததும் கலெக்டர் குறுக்கே போனது. பெண் வீட்டில் தெய்வசிகாமணி கேசரித் தட்டைக் கையில் வாங்குவதற்கு முன்பே, "கெணத்துல தண்ணி எம்மா ஆழத்துல இருக்குது? இந்தத் தென்னை எல்லாம் உங்களுதா, உங்க அண்ணனுதா?" என்று பெண்ணின் அப்பாவைக் குடைந்தெடுத்தார். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று போன் வந்தது. அடுத்து சங்கராபுரம் பக்கம் போனார்கள். அங்கே பெண்ணின் தாய்மாமனிடம் பாகப்பிரிவினை எப்போது என்று விசாரித்தார். அந்த ஜாதகமும் பொருந்தவில்லை. அன்றைக்கும் கலெக்டர் குறுக்கே போயிருந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தெய்வசிகாமணி மனைவி ஜெயசுதாவைக் கூட்டிக்கொண்டு இருசம்மாள் வீட்டுக்கு வந்தார்.

"இருசம்மா, உன் பூனை என் புள்ள கல்யாணத்தக் கெடுத்துக்கினு இருக்குது."

"அது இன்னாண்ணா பண்ணிச்சி?"

"குறுக்க போவுது."

"அது போற வழியில நீங்க குறுக்க போறீங்கன்னு அது நெனச்சிக்கினு இருக்குதோ இன்னாவோ."

"வெளையாடாதம்மா" என்றாள் ஜெயசுதா. "பட்டணத்துல எல்லாம் பூனைய வூட்டுக்குள்ளயே வச்சிதான் வளக்கறாங்களாம். மண்ணுலயே கால் வெக்க வுடறதில்லையாம். சோறு, கக்கூசு எல்லாம் உள்ளயே. நாங்க இன்னா சாவடிக்கவா சொல்றோம்? உள்ள போட்டு வளக்கத்தான் சொல்றோம்."

இருசம்மாள் மகளுக்குப் போன் போட்டாள். தனக்காகச் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தால், எழில்மதி வேறு மாதிரி பேசினாள். "அவங்க சொல்ற காரணம் தப்புமா. ஆனா சொல்றது சரிதான். வெளிய வுட்டா நாய் கடிக்கும், கரும்பு டிராக்டர்ல மாட்டும். எங்க எதிர்வூட்டுப் பூனை உள்ளயேதான் இருக்குது. கொழுகொழுன்னு எப்படி இருக்குது தெரியுமா?"

"சந்தோசமா இருக்குதா?"

"அத எப்படிமா கேக்கறது?"

போன சீசனில் டீக்கடைப் பூனை டிராக்டர் சக்கரத்தில் மாட்டியதை இருசம்மாள் தன் கண்ணால் பார்த்திருந்தாள். சகுனத்துக்காக இல்லாவிட்டாலும் அந்தச் சக்கரத்துக்காகக் கதவைச் சாத்தினாள்.

கலெக்டர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. மூலையில் மண் போட்டு வைத்த பேசினை மோந்து பார்த்துவிட்டு, லஞ்சம் நீட்டியவனைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தது. கொசுவலையைக் கிழித்தது. அரிசி டப்பாவை உருட்டியது. பாவாடையின் போட்டோவுக்கு மேலே ஏறி உட்கார்ந்து, மாட்டுக் கொட்டகை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தியது. அதையெல்லாம் இருசம்மாள் தாங்கிக்கொண்டாள். அப்புறம் அது கத்துவதை நிறுத்திவிட்டு ஜன்னலில் போய் உட்கார்ந்தது. வைத்த பாலை நக்கக்கூட இறங்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மூன்றாவது பெண் ரிஷிவந்தியம் பக்கம். விடியற்காலையிலேயே நல்ல நேரம். இருசம்மாள் பால் கேனோடு வாசற்படி இறங்கும்போது ஜெயசுதா ஓடி வந்தாள்.

"பூனை உள்ளதான இருக்குது?"

"உள்ளதான் அண்ணி."

"அப்டியே நீயும் செத்த..."

இருசம்மாள் உள்ளே போனாள். வேன் வரவில்லை. தெய்வசிகாமணி வெற்றிலையை மறந்துவிட்டேன் என்று இறங்கினார். பிறகு கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று இறங்கினார். பிறகு யாரோ தும்மினார்கள் என்று எல்லாரையும் இறக்கித் தண்ணீர் குடிக்க வைத்தார். இருசம்மாள் ஜன்னலில் நின்றாள். பக்கத்தில் கலெக்டர் உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷமாக அவள் நிற்கிற அதே இடம். தெருவைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, மறுபடியும் தெருவைப் பார்த்தது. எதற்காக உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. தனக்கு மட்டும் சொன்னார்களே, சொன்னதால் என்ன சுகம் கண்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வேன் போனபிறகு ஓட்டமும் நடையுமாகப் போனாள். சொசைட்டி வண்டி பாலை ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது. நிறைகேனோடு திரும்பி வந்தாள்.

சாயங்காலம் வேன் தொங்கிய முகங்களோடு வந்தது. அங்கேயும் பொருந்தவில்லை. இப்போது தெய்வசிகாமணிக்குப் பெரிய சங்கடம். பூனை வீட்டுக்குள் இருந்தது. பழியை எங்கே கொண்டுபோய் வைப்பது? ராத்திரி சோற்றுக்கு முன்னால் ஜெயசுதா மெதுவாக வந்து நின்றாள்.

"தப்பா நெனச்சிக்காத. போறப்ப நான் திரும்பிப் பாத்தேன். நீ ஜன்னல்ல நின்னுக்கினு இருந்த."

"அதுக்கு இன்னா அண்ணி?"

"அவருதான் சொல்றாரு. அடுத்த தபா ஜன்னலயும் சாத்திக்கினா தேவலையாம்."

அவள் போனபின் இருசம்மாள் முதலில் சிரித்தாள். அப்புறம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் தன் பங்குப் பழியையும் சேர்த்து இந்த வாயில்லா ஜீவன் சுமந்திருக்கிறது. அதை உள்ளே போட்டதும் பழி நேராகத் தன் தலைக்கு வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தினால் நாளைக்கு ஓட்டைப் பிரித்துக்கொண்டு பார்த்தாய் என்பார்கள்.

மறுநாள் விடிந்ததும் கதவை அகலத் திறந்து வைத்தாள். கலெக்டர் நிலைப்படியில் நின்று, நம்பலாமா என்று யோசித்தது.

"போ" என்றாள். "நாய் இருக்குது, டிராக்டரு இருக்குது, பாத்துப் போ. எனக்கும் அதே நாயி, அதே டிராக்டருதான். நான் பாத்துப் போவல?"

கலெக்டர் போனது. கேனைத் தூக்கிக்கொண்டு அவளும் போனாள். தெரு முணுமுணுத்தது. ஆனால் பூனைக்கு யார் மணி கட்டுவது? அதிலும் இப்போது பூனை இரண்டு. வாயைத் திறக்க ஆளில்லை.

அந்த வெள்ளிக்கிழமையே நாலாவது பெண். கல்வராயன் மலை அடிவாரம், கச்சிராயபாளையம். தூரமென்பதால் இருட்டு பிரியும்போதே வேன் கிளம்பிவிட்டது. முன் சீட்டில் தெய்வசிகாமணி. தெரு முனைக்கு வரும்போது இருசம்மாள் கேனோடு வாசற்படி இறங்கினாள்.

ஜெயசுதா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "இருசம்மா, செத்த..."

"இல்ல அண்ணி. பால் கெட்டுடும்."

அவள் தெருவில் இறங்கி வேனுக்கு முன்னால் நடந்தாள். அதே நேரத்தில் எதிரே இருக்கிற கொளஞ்சியப்பன் வீட்டு மதிலிலிருந்து கலெக்டர் குதித்து, அவசரமில்லாமல் வேனுக்குக் குறுக்கே போனது. தெய்வசிகாமணி விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். நிறைபால் நல்லது, மற்றது இரண்டும் ஆகாது. "பின்னால எடுடா வண்டிய!" வேன் சந்துக்குள் பின்னாலேயே போனது. எல்லாரும் இறங்கி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் ஏறினார்கள். மறுபடியும் தெரு முனைக்கு வந்தால், பாலை ஊற்றிவிட்டு இருசம்மாள் காலிக் கேனோடு எதிரே வந்துகொண்டிருந்தாள். பின்னாலேயே கலெக்டர், இந்தத் தடவை அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கமாக.

தெய்வசிகாமணி கதவைத் திறந்துகொண்டு குதித்தார். "காலிக் கேனு, இவ, பூனை! மூணும் ஒண்ணா வந்தா நான் வரமாட்டேன். போவ முடியாது!"

வேனுக்குள்ளிருந்து யாருக்கும் பழக்கமில்லாத ஒரு குரல் கேட்டது. அன்புச்செல்வனுடையது. "சரிப்பா, நீங்க இருங்க. நாங்க போய்ட்டு வரோம். பொண்ணு வூட்டுல சொல்லிட்டோம், காத்துக்கினு இருப்பாங்க."

ஜெயசுதா புருஷனைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள். "எடுப்பா வண்டிய" என்றாள்.

வேன் இருசம்மாளைத் தாண்டும்போது அன்புச்செல்வன் தலையை வெளியே நீட்டினான். "போய்ட்டு வரோம் அத்தை."

பாவாடை போனபிறகு நல்ல காரியத்துக்குப் புறப்பட்ட ஒருவர்கூட அவளிடம் சொல்லிக்கொண்டு போனதில்லை. "போய்ட்டு வா கண்ணு" என்று அவள் சொல்வதற்குள் வேன் திரும்பிவிட்டது. ஆனாலும் சத்தமாகச் சொன்னாள். கண்ணில் நீர் வந்ததை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

கச்சிராயபாளையத்தில் அன்றைக்குத் தென்னையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அபிநயா என்ற அந்தப் பெண் அன்புச்செல்வனிடம் ஏதோ கேட்க, பதில் சொல்ல அப்பா பக்கத்தில் இல்லாததால் அவனே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. நன்றாகவே சொன்னான். பெண் சிரித்தாள். கேசரி இரண்டாவது தடவை வந்தது. பூவும் வைத்துவிட்டு வந்தார்கள்.

தான் போகாததால்தான் காரியம் கைகூடியது என்று தெய்வசிகாமணிக்குத் தோன்றியிருக்குமா? அவரைத் தெரிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். அவர் டீக்கடையில் புது சாஸ்திரமே சொன்னார். "ஒரு கெட்டது வந்தாதான் கெட்டது. மூணு கெட்டது சேந்து வந்தா அது ராசி!"

சாஸ்திரம் சந்து முழுக்கப் பரவியது. அடுத்த வாரம் கொளஞ்சியப்பன் நிலப் பத்திரம் பதியப் புறப்பட்டான். விடியும்போதே பட்டுக்கரை வேட்டியோடு இருசம்மாள் வாசலில் வந்து, பல்லெல்லாம் தெரிய நின்றான்.

"இருசம்மாக்கா, கலெக்டர செத்த வெளிய வுடேன். நீயும் கேனோட ஒரு தபா எனக்குக் குறுக்க வந்துட்டுப் போயேன். உனக்குப் புண்ணியமாப் போவும்."

இருசம்மாள் கேனைத் தலைச்சும்மாட்டில் ஏற்றிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கலெக்டரு அது வேலையா எப்பவோ போயிடுச்சி. நான் என் வேலையா பால் ஊத்தப் போறேன். உனக்கு நல்லது பண்றதுக்கும் போவல, கெட்டது பண்றதுக்கும் போவல. வழிய வுடு கொளஞ்சி."

சந்து குறுகல், கேன் பெரிசு. அவள் தாண்டிப் போகிற வரைக்கும் கொளஞ்சியப்பன் பட்டுக்கரை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றான்.