ரோஸ் கலர் லீவு

சிம்பாங் அம்பாட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து மண்டபத்தில் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடந்த ஞாயிற்றுக்கிழமை, குடிக்கச் சிராப் பாண்டோங் கொடுத்தார்கள், அது ரோஸ் கலர் என்பதால். தின்ன ரோஸ் கலர் அகார் அகார். தலைக்கு மேல் ரோஸ் கலர் பலூன்கள். தொண்ணூறுகளின் கடைசி அது. ஆறாம் படிவப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வருவதற்குள் உலகத்தைத் திருத்திவிடலாம் என்று மலாக்கா டவுனில் ஒரு மாதர் சங்கத்தில் தொண்டூழியராகச் சேர்ந்திருந்தேன். அந்தப் பலூன்களில் பாதி நான் ஊதியவை.

சங்கத் தலைவி மலாயில் பேசினார். தமிழில் சொல்ல வேண்டியது நான். முன்வரிசையில் மேனேஜர், கணக்கெழுதும் கிராணி, வேலை வாங்கும் மண்டோர், என் அப்பா. மார்பு என்ற சொல் தொண்டை வரை வந்தது, அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது. "பெண்களுக்கு அந்த இடத்தில் வரும் நோய்" என்றேன். எந்த இடம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். கடைசியில் எல்லாருக்கும் ரோஸ் கலர் ரிப்பன் குத்திவிட்டு, மேனேஜரை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்தோம். விழிப்புணர்வு முடிந்தது.

பக்கத்து வீட்டு அத்தை மட்டும் ரிப்பனை வாங்கவில்லை. அத்தை என்றால் உறவு இல்லை. அம்மாவோடு பால்மரம் வெட்டிப் பால் சேர்க்கப் போகிறவர், நான் பிறந்ததிலிருந்து பக்கத்து வீடு. ஒரு தொண்டூழியர் இதை விட்டுவிட முடியுமா? மண்டபத்தைக் கூட்டி முடித்ததும், ஒரு ரிப்பனோடு அவர் வீட்டுக் குசினிக்கே போய் அடுப்புப் பக்கம் நின்றேன்.

"சாயம் அடிச்ச மரத்த என்ன பண்ணுவாங்க பாப்பா?" என்று கேட்டார்.

தோட்டத்தில் இது கைக்குழந்தைக்கும் தெரியும். பால் வற்றிய மரம், நோய் கண்ட மரம் எல்லாவற்றுக்கும் முதலில் சாயத்தில் வளையம் போடுவார்கள். அடுத்த மாதம் வந்து சாய்த்துவிடுவார்கள்.

"சாச்சிருவாங்க."

"அப்ப எனக்கு எதுக்கு லா அடையாளம் குத்த வர்ற?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. மற்றவர்களெல்லாம் குத்திக்கொண்டார்களே, உங்களுக்கு மட்டும் என்ன என்றேன். அவர் வெளிக்கதவைச் சாத்திவிட்டு வந்து, என் கையைப் பிடித்து இடது மார்பின் ஓரத்தில் வைத்தார். கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி.

நாலு மாதமாக இருக்கிறதாம். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் ஆண்பிள்ளை. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் லீவு வேண்டும். லீவு வேண்டுமென்றால் காலைப் பெரட்டில், அத்தனை பேர் பெயர் கூப்பிடுகிற இடத்தில், என்ன காரணம் என்று மண்டோர் கேட்பார். காய்ச்சல் என்றால் சொல்லலாம், வயிற்றுவலி என்றால் சொல்லலாம். இதை எப்படிச் சொல்வது? மைக்கைப் பிடித்த நானே சொல்லவில்லை.

அந்த வெட்கத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. இரண்டு வாரத்தில், வேலை நாளில், டவுன் ஆஸ்பத்திரி வளாகத்தில் சங்கத்தின் பெரிய நிகழ்ச்சி இருந்தது. தோட்டங்களுக்கு அழைப்புக் கடிதம் தட்டச்சு செய்வது என் வேலை. எங்கள் தோட்டத்துக் கடிதத்தில் மட்டும் ஒரு வரி கூடிவிட்டது: நீண்டகால அனுபவமுள்ள பெண் தொழிலாளி ஒருவரை அனுப்பி வைத்தால் பெருமைப்படுவோம். அத்தையின் பெயரையும் போட்டேன். தலைவி படிக்காமல் கையெழுத்துப் போட்டார். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். பெரட்டில் ஒரு கேள்வி இல்லை. தோட்டத்து வேனே வந்தது.

அத்தை சேலைக்கு மேல் சங்கம் கொடுத்த ரோஸ் கலர் டீசட்டை போட்டுக்கொண்டு ஏறினார். ஆஸ்பத்திரியில் பலூன் பறக்கவிடுகிற நேரம் பார்த்து இருவரும் நழுவி, நம்பர் எடுத்து வரிசையில் உட்கார்ந்தோம். நர்ஸ் மிஸி ஒருவர் எங்கள் டீசட்டையைப் பார்த்துவிட்டு, தொண்டூழியர்களுக்கு வெளியே கூடாரத்தில் நாற்காலி போட்டிருக்கிறது, இது நோயாளிகள் உட்காரும் இடம் என்று மலாயில் அன்பாக எழுப்பினார். நான் விளக்க வாயைத் திறப்பதற்குள் அத்தை தன் கட்டி இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினார். மிஸி அத்தையை மறுபடி உட்கார வைத்தார். அன்று அந்த வளாகத்தில் ரோஸ் கலர் போட்டவர்களில் டாக்டரைப் பார்க்க வந்தவர் அவர் ஒருவர்தான்.

பெண் டாக்டர். ஊசியில் எடுத்துச் சோதிக்க வேண்டும், அடுத்த வாரமே வர வேண்டும் என்றார்.

அடுத்த வாரம் சங்கத்துக்கு நிகழ்ச்சி ஏதும் இல்லை. அதனால் என்ன, நானே ஒன்றை உண்டாக்கினேன். நன்றி நவிலும் விருந்து. சங்கத்தின் தாளிலேயே கடிதம் தயார். முந்தின நாள் விடியற்காலை அம்மாவோடு பெரட்டுக்குப் போய், அதைப் பையில் வைத்துக்கொண்டு நின்றேன். அத்தை என்னைப் பார்த்தார். வேண்டாம் என்பதுபோலக் கையை அசைத்துவிட்டு மண்டோரிடம் போனார்.

"மண்டோரே, நாளைக்கு லீவு வேணும். மார்ல கட்டி. ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிருக்காங்க."

மண்டோர் தலை நிமிரவில்லை. புத்தகத்தில் பேனாவை வைத்தபடியே, காரணம் என்னவென்று எழுதுவது என்று முனகினார்.

"சொன்னத எழுதுங்க லா."

எழுதினார். பின்னால் நின்ற பெண்களில் யாரோ ஒருவர், ஆஸ்பத்திரிக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று மெதுவாகக் கேட்டார்.

அது புற்றுநோய்தான். பெரிதாகப் பரவும் முன் பிடித்துவிட்டார்கள். அறுவை, மருந்து, கொட்டிய முடி எல்லாம் முடிந்து, ஒரு வருடம் கழித்து அத்தை மறுபடி மரம் வெட்டப் போனார், அதே டீசட்டையில். கொஞ்ச நாளில் மரப்பால் பட்டுக் காய்ந்து கறுத்துப்போய், அது என்ன கலர் என்றே தெரியவில்லை.